பதினேழாம் வீட்டு அக்கா சொன்னது

எங்கள் பக்கத்தில் தோட்டம் என்று சொன்னால் யாருக்கும் பூச்செடி நினைவுக்கு வராது. தோட்டம் என்றால் ரப்பர் தோட்டம். அதுவும் விற்று, மரங்களைச் சாய்த்து, செம்பனையோ வீடுகளோ முளைத்துவிட்ட பழைய தோட்டம். எங்கள் தாமான் குடியிருப்பில் இருந்த பெண்களில் பாதிப்பேர் அப்படி ஏதாவது ஒரு தோட்டத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஆகவே, செடி வளர்ப்பவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கியபோது அதற்குத் தோட்டக் குழு என்று பெயர் வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. பூச்செடிக் குழு என்று வைத்தார்கள். நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

சிம்பாங் பூலாய் சந்தியிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் சாலையில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினால் எங்கள் தாமான். நான்கு வரிசை வீடுகள். பின்னால் சுண்ணாம்புக்கல் மலை. அந்த மலையைப் பகல் முழுவதும் உடைத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஏற்றியது போக மிஞ்சிய தூசி எங்களுக்கு. காலையில் கழுவிவிட்ட இலை மத்தியானத்துக்குள் கோதுமை மாவு சலித்த மாதிரி வெளுத்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் பூச்செடி வளர்ப்பதை ஆசை என்று சொல்வதைவிடப் பிடிவாதம் என்று சொல்வதுதான் பொருத்தம்.

அம்மாவுக்கு அந்த ஆசையும் இல்லை, பிடிவாதமும் இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, பிறகு கட்டில். அப்பா ஜொகூருக்கு லாரி ஓட்டினார். வாரத்தில் ஒன்றரை நாள் வீட்டில் இருப்பார், அந்த ஒன்றரை நாளும் தூங்குவார். எங்கள் வாசலில் மூன்று பூச்சாடிகள் இருந்தன. ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் துளசி, மூன்றாவதில் ஒரு ரோஜாச்செடி. ரோஜா செத்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. தூக்கிப் போட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. குழுவைத் தொடங்கிய டீச்சர், வரிசையில் ஒரு வீட்டையும் விடக்கூடாது என்று எல்லார் எண்ணையும் சேர்த்தபோது அம்மாவும் அதில் சேர்ந்துவிட்டாள். தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. ஆகவே அம்மாவின் கைப்பேசி வீட்டில், என்னிடம் இருந்தது.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் மாமா எங்களோடு தங்க வந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. அதற்கு முன்னால் அவர் சில மாதங்கள் தஞ்சோங் ரம்புத்தானில் இருந்தார். ஈப்போவுக்கு அந்தப் பக்கம், கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் ரயில் நிலையமும் உள்ள ஊர் அது. ஆனால் பெரிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் எங்கள் நாட்டில் அந்தப் பெயருக்கு ஒரே பொருள்தான். பள்ளியில் யாராவது கணக்கைத் தப்பாகப் போட்டால்கூட, “இவள தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும் லா” என்று சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன், மாமா அங்கே இருந்த மாதங்களிலும்.

வந்த புதிதில் மாமா ஹாலில் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். மாத்திரையால் கை நடுங்கும். பேச்சு நாக்கில் இழுத்துக்கொண்டு வரும். சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார், எதையோ முணுமுணுத்துக்கொண்டு. பக்கத்து வீட்டில் கேட்டபோது அம்மா, தம்பிக்கு முதுகெலும்பில் கோளாறு, வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றாள். அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவள் என் பக்கம் திரும்பவில்லை. யாராவது கேட்டால் நானும் முதுகு என்றுதான் சொல்ல வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

குழுவில் காலையில் ரோஜாப் படத்தோடு வணக்கம் வரும். பத்து மணிக்குமேல் கேள்விகள். ஒரு மத்தியானம் பள்ளி விட்டு வந்து சோற்றைத் தின்றுகொண்டே பார்த்தால், யாரோ ஒரு அக்கா தன் கறிவேப்பிலைச் செடியைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். இலையெல்லாம் மொட்டை. தண்டில் பச்சைப் புழுக்கள் விரல் தடிமனுக்கு ஒட்டிக்கொண்டிருந்தன. என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருந்தார். பதில்கள் குவிந்தன. சவர்க்காரத் தண்ணீர், புகையிலைத் தண்ணீர், புளித்த மோர், சாம்பல். ஒருவர் கடையில் விற்கும் விஷத்தின் படத்தையே போட்டிருந்தார். நான் இதையெல்லாம் எனக்கு நானே உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

“அடிக்க வேணாம்னு சொல்லு பாப்பா” என்று பாயிலிருந்து குரல் வந்தது.

மாமா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னார். “அது வண்ணத்துப்பூச்சியோட புள்ள லா. ரெண்டு மூணு வாரத்துல பறந்து போயிரும். செடி சாவாது. மறுபடியும் தளுத்துக்கும். மருந்து அடிச்சா அதுவும் சாவும், அந்த எலைய நம்மளும் திங்க முடியாது.”

எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் தொடர்ச்சியாக இவ்வளவு பேசியதில்லை. நான் அப்படியே தட்டி அனுப்பினேன். அம்மாவின் கைப்பேசி என்பதால் அது அம்மா சொன்னதாகப் போயிற்று. மூன்று வாரம் கழித்து அந்த அக்கா இன்னொரு படம் போட்டார். கறுப்புச் சிறகில் மஞ்சள் புள்ளிகளோடு ஒரு வண்ணத்துப்பூச்சி அவர் வீட்டு வேலிக் கம்பியில் உட்கார்ந்திருந்தது. கீழே எழுதியிருந்தார்: “பதினேழாம் வீட்டு அக்கா சொன்னது பலிச்சிருச்சு!” பதினேழு எங்கள் வீட்டு எண். கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

அன்றோடு பதினேழாம் வீட்டு அக்கா பிரபலமாகிவிட்டாள். இட்லிப்பூச் செடி மஞ்சளாகிறது, முட்டை ஓடு போடலாமா என்று ஒருவர் கேட்டார். போடவே கூடாது, இங்கே மண்ணும் சுண்ணாம்பு, காற்றும் சுண்ணாம்பு, முட்டை ஓடும் சுண்ணாம்பு, குடித்த தேத்தூளை மக்கவைத்துப் போடுங்கள் என்று அக்கா சொன்னாள். தேன்சிட்டு வாசலில் கூடு கட்டப் பார்க்கிறது, பிறகு போய்விடுகிறது என்றார் டீச்சர். கூட்டைக் கட்டச் சிலந்தி நூல் வேண்டும், ஒட்டடை அடிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள் என்றாள் அக்கா. இந்த ஒரு பதிலுக்குக் கிடைத்த பாராட்டு வேறு எதற்கும் கிடைக்கவில்லை. தாமான் முழுவதும் பெண்கள் பறவைகளின் பேரைச் சொல்லி ஒட்டடைக் கோலை ஓரமாக வைத்தார்கள்.

இவ்வளவும் மாமாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. உடம்பு கெடுவதற்கு முன்னால் அவர் பத்து ஆண்டுகள் கோப்பேங் போகும் வழியில் ஒரு சீனர் வைத்திருந்த நாற்றுப் பண்ணையில் வேலை செய்தவர் என்பதை அம்மா எப்போதோ சொல்லியிருந்தாள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. பள்ளி விட்டு வரும்போது அவர் இப்போது பாயில் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் தெரிந்தது. சட்டைப் பொத்தான்கூடப் போட்டிருப்பார். “கேட்டிருக்காங்களா?” என்பார். நான் படிப்பேன், அவர் சொல்வார், நான் தட்டுவேன். அவர் சொல் குழறினால் நான் திருத்தி எழுதுவேன். சில சமயம் கண்ணை மூடி வெகு நேரம் யோசிப்பார். அந்த நேரத்தில் கை நடுங்காது.

பிறகு வாசல் மாறத் தொடங்கியது. செத்த ரோஜாவைத் தூக்கிப் போட்டார். பசாரில் மீன் வந்து இறங்கும் வெள்ளை நுரைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து அடியில் ஓட்டை போட்டார். இட்லிப்பூ, செம்பருத்தி, சாலையோரத்தில் கேட்பாரற்று முளைத்துக் கிடந்த உண்ணிச்செடி. களையைப் போய்ப் பெட்டியில் வைக்கிறாரே என்று நினைத்தேன். அடுத்த மாதம் அந்தக் களையைச் சுற்றித்தான் வண்ணத்துப்பூச்சிகள் சண்டை போட்டன. ஒரு தட்டில் மணலும் உப்புத் தண்ணீரும் வைத்தார், அவை வந்து உறிஞ்சும் என்று. கொசு முட்டையிட்டுவிடக் கூடாதே என்று தண்ணீரைத் தினமும் காலையில் மாற்றினார். பகலில் இரண்டு தடவை ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தார். முணுமுணுப்பு நிற்கவில்லை. ஆனால் இப்போது அது செடிகளோடு பேசுவதுபோல் இருந்ததால் எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

அம்மாவுக்கு இந்த விவரம் ஒரு புதன்கிழமை பசார் மாலாம் இரவுச் சந்தையில்தான் தெரியவந்தது. நாங்கள் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது கார்னர் லாட் அக்கா ஓடி வந்தார். எங்கள் வரிசையின் கோடி வீடு அவருடையது. பக்கவாட்டில் தாராளமாக இடம் உள்ள வீடு. குழுவில் அதிகம் பேசுபவரும் அவர்தான். அவர் மகள் என் வகுப்பு. “ஐயோ அக்கா, ஒங்களுக்கு இவ்ளோ தெரியும்னு எங்களுக்குத் தெரியாம போச்சே லா! ஒளிச்சு வச்சிருந்தீங்களே” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா விழித்தாள். என்னைப் பார்த்தாள். நான் வெண்டைக்காயைப் பார்த்தேன். பிறகு அம்மா சிரித்தாள். பொதுவாக அவள் பல் தெரியச் சிரிப்பதில்லை. “என்னமோ, தெரிஞ்சதச் சொன்னேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்து அவள் என்னைத் திட்டவில்லை. கைப்பேசியை வாங்கிப் பழைய செய்திகளை முழுவதும் படித்தாள். மாமா அருகில்தான் இருந்தார். மறுநாள் வேலைக்குப் போகும்போது வழக்கம்போல் கைப்பேசியை என்னிடம் கொடுத்தாள்.

அதற்கப்புறம் ஒருநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். குழுவில் யாரோ ஒருவர், தன் வீட்டுக்காரர் செடிகளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறார் என்று எழுதியிருந்தார். அதற்குக் கார்னர் லாட் அக்கா, “அவருக்கு தஞ்சோங் ரம்புத்தான்ல ரூம் போட்டாச்சா?” என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்கள் ஐந்தாறு போட்டிருந்தார். நான் வேகமாகப் படிக்கிறவள். என்ன படிக்கிறேன் என்று தெரிவதற்குள் உரக்கப் படித்து முடித்துவிட்டேன்.

மாமா கையிலிருந்த துணியைப் பிழிந்தார். இரண்டாம் தடவையும் பிழிந்தார்.

“அடுத்தது படி” என்றார்.

குழுவினர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்குப் போய்ச் செடிகளைப் பார்த்துப் பலகாரம் தின்றுவிட்டு வருவது என்று டீச்சர் ஏற்பாடு செய்தார். இரண்டாவது மாதமே எல்லாரும் பதினேழாம் வீட்டைக் கேட்டார்கள். அம்மா சரி என்றாள். அந்த வாரம் அவளுக்கு இரவு வேலை. பள்ளியில் கார்னர் லாட் அக்காவின் மகள், தானும் வரப்போவதாக என்னிடம் சொன்னாள். “ஒங்கம்மா செம கெட்டிக்காரங்களாம், எங்கம்மா சொல்லிக்கிட்டே இருக்காங்க.” அதுவரை என் அம்மாவை யாரும் எதற்காகவும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. வருகிறவர்கள் செடியை மட்டும் பார்க்கப்போவதில்லை, மாமாவையும் பார்ப்பார்கள். கை நடுங்குவதைப் பார்ப்பார்கள். முதுகு என்ற கதை அவர் வாயைத் திறந்து பேசுகிறவரைக்கும்தான். திங்கட்கிழமை பள்ளியில் என் நிலை என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால், மற்றவர்களை அந்த நிலைக்கு ஆளாக்கியவர்களில் நானும் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா வேலை முடிந்து வந்து தூங்காமல் வீடு கூட்டி, கச்சான் கடலை அவித்து, கேசரி கிண்டினாள். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டரை ஆனபோது, மூன்று மணிக்கு எழுப்பு என்று சொல்லிவிட்டு முன்னறையில் போய்ப் படுத்தாள். முன்னறைச் சன்னல் வாசலைப் பார்த்திருக்கும். அடுக்குக் கண்ணாடி சன்னல், பாதி கண்ணாடி உடைந்து மூட முடியாதது. மாமா வாசலில் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவியிருந்தார். நீலச் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டையை அவருக்கு அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது.

“மாமா, ஆளுங்க வாராங்க. அம்மா ஒங்கள வேற எங்கயாச்சும் போயி இருக்கச் சொன்னாங்க.”

அவர் துணியைக் கீழே வைக்கவில்லை. “எங்க?” என்றார்.

அதற்கு நான் பதில் தயார் செய்திருக்கவில்லை. “எங்கயாச்சும்” என்றேன் மறுபடியும்.

“அக்காவா சொன்னிச்சு?”

“ஆமா.”

மாமா தலையை ஆட்டினார். மிச்சம் இருந்த நாலைந்து இலைகளையும் துடைத்து முடித்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. ஆனால் நிம்மதிதான்.

மூன்று மணிக்கு நான் எழுப்பப் போவதற்குள் அம்மாவே எழுந்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். வாசலைப் பார்த்தாள். அங்கே வாளியும் துணியும்தான் இருந்தன. தூக்கக் கலக்கத்தில் தம்பி இல்லாததை அவள் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு பேர் வந்தார்கள். வாசல் கொள்ளவில்லை. படம் எடுத்தார்கள். உண்ணிச்செடியைப் பார்த்து, அட இதுவா என்று வியந்தார்கள். உப்புத் தட்டில் இரண்டு மஞ்சள் பூச்சிகள் சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்திருந்தன. கேள்வி கேட்டபோது அம்மா, குழுவில் படித்ததையெல்லாம் நினைவில் வைத்துப் பதில் சொன்னாள். நானே அசந்துபோனேன். ஒரு செடிக்கு மட்டும் என்ன பெயர் என்று தெரியாமல் திணறினாள். டீச்சர் ஒரு பெயர் சொன்னதும் அதுதான் அதுதான் என்றாள். கேசரி நன்றாக இருந்தது என்றார்கள். அம்மா பல் தெரியச் சிரிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கிளை ஒடித்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் கண் இரண்டு மூன்று தடவை கேட்டின் பக்கம் போய் வந்தது.

ஐந்தரைக்கு எல்லாரும் போனார்கள். கார்னர் லாட் அக்கா மகளை முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா தட்டுகளைக்கூட எடுக்கவில்லை.

“ஒங்க வண்டி இருக்கா?” என்று அவரிடம் கேட்டாள்.

“இருக்கே. ஏன்க்கா?”

“எங்கள ஒரு எடத்துக்கு ஏத்திட்டுப் போக முடியுமா? ஞாயித்துக்கெழம, பஸ்ஸ நம்ப முடியாது.”

“போலாம். எங்க போவணும்?”

“தஞ்சோங் ரம்புத்தான்” என்றாள் அம்மா.

வண்டி ஈப்போவை நோக்கிப் போனது. நான் பின்னால் உட்கார்ந்து, அம்மாவுக்கு எப்படித் தெரியும், அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானே அவர் கடைத்தெருவுக்குத்தான் போயிருப்பார் என்று எண்ணியிருந்தேன். ஊரைக் கடந்து வண்டி திரும்பியதும் அம்மா முன்கண்ணாடியைப் பார்த்தபடி பேசினாள். தாழ்ந்த குரல், ஆனால் தெளிவாக இருந்தது.

“குழுவுல நான் சொன்னது ஒண்ணும் நான் சொன்னதில்ல. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எல்லாம் என் தம்பி சொன்னது. அவனுக்கு முதுகுல ஒண்ணும் இல்ல. இங்க ஆஸ்பத்திரியிலதான் இருந்தான், நாலு மாசம்.”

கார்னர் லாட் அக்கா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போய், ஏசியைக் குறைத்தார்.

மருத்துவமனைச் சுவருக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மடியில் பிளாஸ்டிக் பை. அதற்குள் மாத்திரை டப்பாவும் ஒரு கைலியும் பல் துலக்கியும் வெளியிலிருந்தே தெரிந்தன. எங்கயாச்சும் என்று நான் சொன்னதற்கு அவருக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “வந்தவங்க போயிட்டாங்களாக்கா?” என்றார்.

“போயிட்டாங்க. வா.”

“உள்ள போலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நேரம் போயிருச்சு.”

அம்மா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. யார் போகச் சொன்னது என்றும் கேட்கவில்லை. மாமா என்னைப் பார்த்தார். காரில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, நான் நன்றாக உட்கார இடம் விட்டுக் கதவோரம் ஒதுங்கிக்கொண்டார்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்துக் கார்னர் லாட் அக்கா தொண்டையைக் கனைத்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“தம்பி, என் வீட்டுக் காகிதப்பூ ரெண்டு வருசமா பூக்கவே மாட்டேங்குது லா. எலையா வுடுது. தெனமும் ரெண்டு வேள தண்ணி ஊத்துறேன். என்ன செய்யலாம்?”

மாமா கண்ணை மூடிக்கொண்டார். முழங்காலில் இருந்த கை நடுக்கம் நின்றது.

“தண்ணிய நிறுத்துங்கக்கா. எல தொங்குற வரைக்கும் ஊத்தாதீங்க. ரொம்ப கவனிச்சா அது பூக்காது.”

“எவ்ளோ நாளைக்கு?”

“நான் வந்து பாக்குறேன்” என்றார் மாமா. பிறகு முன்னிருக்கையைப் பார்த்து, “வரலாமில்லக்கா?” என்று கேட்டார். அது அம்மாவிடம் கேட்டதா அந்த அக்காவிடம் கேட்டதா என்று தெரியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் வரலாம் என்றார்கள்.

மறுநாள் காலை குழுவில் ரோஜாப் படங்களுக்கு நடுவே கார்னர் லாட் அக்கா எழுதினார், இனிமேல் செடியைப் பற்றி எது கேட்பதானாலும் பதினேழாம் வீட்டு அக்காவின் தம்பியிடம் கேளுங்கள், இத்தனை நாளும் சொன்னவர் அவர்தான் என்று. வேறு விளக்கம் எதுவும் எழுதவில்லை. ஆனால் இரண்டு நாளில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டு பேர் குழுவிலிருந்து விலகினார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வேலியை ஓர் அடி உயர்த்திக் கட்டினார். பள்ளியில் நான் பயந்தது ஒரு வாரம் நடந்தது. பிறகு வேறொருத்திக்கு வேறேதோ நடந்ததில் என்னை மறந்துவிட்டார்கள். கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. செடி வாடினால் மானம் பார்க்க முடியாது போலும்.

கார்னர் லாட் அக்காவின் காகிதப்பூ இரண்டு மாதத்தில் பூத்தது. மாமாவுக்கு அதற்குப்பிறகும் இரண்டு தடவை உடம்பு மோசமாகி, அம்மாவே கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தாள். இரண்டு தடவையும் திரும்பி வந்தார். இப்போது வாரத்தில் நாலு நாள் ஒரு நாற்றுப் பண்ணைக்கு வேலைக்குப் போகிறார். சொந்தமாகக் கைப்பேசி வைத்திருக்கிறார். ஒரு விரலால் தட்டித் தானே பதில் எழுதுகிறார். எழுத்துப் பிழைகளைத் திருத்த யாரும் இல்லை.

எனக்கு இப்போது ஈப்போவில் ஒரு பல் மருத்துவர் கிளினிக்கின் வரவேற்பு முகப்பில் வேலை. நாள் முழுவதும் நின்றபடி சிரிக்க வேண்டிய வேலை. வீட்டுக்குப் போனால் கால் வலிக்கிறதா கன்னம் வலிக்கிறதா என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கப் போவேன். அம்மா தொழிற்சாலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. முழங்கால் போய்விட்டது. சென்ற ஆண்டு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா வேலைக்குப் போயிருந்தபோது, அன்றைக்கு அவரைப் போகச் சொன்னது நான்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் அனுப்பினேன் என்பதையும் சொன்னேன். எத்தனையோ வருடம் நெஞ்சில் கிடந்தது.

அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும். நான் முழிச்சுத்தான் இருந்தேன்” என்றாள். “சன்னல்தான் தொறந்து கெடந்துச்சே.”

கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு அவளே மேலே பேசினாள்.

“எந்திரிச்சு வந்து, இல்லடா, நான் சொல்லலன்னு சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. வரல. கேட்டு சாத்துற சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்.” தைலப் புட்டியை மூடினாள். “இத அவன்கிட்ட போயி சொல்லிக்கிட்டு இருக்காத. நான் சொன்னதாவே இருக்கட்டும்.”

அந்த மத்தியானம் நான் முன்னறைச் சன்னலை ஒரு தடவை பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று உறுதி செய்துகொண்டுதான் மாமாவின் அருகில் போனேன். களைத்துப் போனவர்கள் படுத்த உடனே தூங்கிவிடுவார்கள் என்று பதினொரு வயதில் நான் நம்பியிருந்தேன்.